டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்

புது வீடு கட்டுபவர்களும் பழைய குளியலறையைப் புதுப்பிக்க நினைப்பவர்களும் முதலில் போவது ஷோரூமுக்குத்தான். சுவர் முழுக்கப் பளபளக்கும் ஷவர்கள், மிக்சர்கள், குழாய்கள். ஒன்றிரண்டில் தண்ணீரையும் திறந்துவிட்டுக் காட்டுவார்கள். எட்டு அங்குலத் தகட்டிலிருந்து அடைமழையாகக் கொட்டும். மாதிரியைத் தேர்ந்தெடுத்து, பணத்தைக் கட்டி, பெட்டியை வீட்டில் கொண்டுவந்து இறக்கிய பிறகே பிளம்பரிடம், 'அண்ணே, இதை மாட்டணும்' என்கிறோம். இந்த வரிசை தலைகீழானது. ஷவரில் தண்ணீர் நன்றாக வருமா, பத்து வருடம் தொல்லையில்லாமல் ஓடுமா, இல்லை பத்தே மாதத்தில் பக்கத்து அறைச் சுவரில் ஓதம் காட்டுமா என்பதை முடிவு செய்பவை வேறு: மொட்டைமாடித் தொட்டியின் உயரம், அங்கிருந்து இறங்கும் குழாயின் விட்டம், சுவருக்குள் புதையும் இணைப்புகள், தரைக்குக் கொடுக்கும் வாட்டம். டைல்ஸ் ஒட்டிய அன்றோடு இவற்றில் பெரும்பகுதி கண்ணிலிருந்து மறைந்துவிடுகிறது. வெளியே தெரியும் ஷவர் பிடிக்கவில்லையென்றால் அரை மணி நேரத்தில் கழற்றி வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம். உள்ளே இருப்பதை மாற்றச் சுவரை உடைக்க வேண்டும். ஆகவே குளியலறைக்கென்று ஒதுக்கும் பணத்திலும் நேரத்திலும் முதல் பங்கு, மறையப்போகிற பகுதிக்கே சேர வேண்டும்.

அழுத்தத்திலிருந்து தொடங்குவோம். அசையாமல் நிற்கும் தண்ணீரின் அழுத்தம் அதன் உயரத்தை மட்டுமே பொறுத்தது. பத்து மீட்டர் உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு பார். ஒரு மீட்டருக்கு 0.1 பார். தொட்டி 500 லிட்டரா 5,000 லிட்டரா என்பதற்கு இதில் பங்கே இல்லை. தரைத்தளம் மட்டுமே உள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். மொட்டைமாடித் தரை கீழிருந்து பத்தடி சொச்சம் உயரத்தில் இருக்கும். அதன் மேல் மூன்றடி மேடை கட்டித் தொட்டியை வைத்திருக்கிறார்கள். ஷவர் ஏழடி உயரத்தில் இருக்கிறது. ஷவருக்கும் தொட்டியின் அடிமட்டத்துக்கும் இடையே ஆறடி சொச்சம், அதாவது இரண்டு மீட்டர். கிடைக்கும் அழுத்தம் 0.2 பார். தொட்டி நிறைந்திருக்கும் நேரத்தில் இன்னொரு 0.1 பார் சேரலாம். மேடையே கட்டாமல் தொட்டியை மாடித் தரையிலேயே உட்கார வைத்த வீடுகளில் இதிலும் பாதிதான். மாடி வீடென்றால் கீழே குளிப்பவருக்கு அரை பார் கிடைக்கும். மேலே குளிப்பவருக்கு அதே 0.2 தான்.

இப்போது ஷவர்ப் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படியுங்கள். நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று போட்டு, பக்கத்தில் எந்த அழுத்தத்தில் என்பதையும் போட்டிருப்பார்கள். பல நிறுவனங்கள் 3 பார் அழுத்தத்தில் அளந்த கணக்கையே தருகின்றன. மூன்று பார் என்றால் முப்பது மீட்டர்; பத்து மாடிக் கட்டடத்தின் உச்சியில் தொட்டி இருக்க, தரைத்தளத்தில் குளிப்பதற்குச் சமம். துளை வழியே பாயும் நீரின் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலத்தை ஒட்டிக் குறையும். 3 பார் இருக்க வேண்டிய இடத்தில் 0.2 பார் இருந்தால் அழுத்தம் பதினைந்தில் ஒரு பங்கு. நீர்வரத்து ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு. ஷோரூமில் நிமிடத்துக்கு 20 லிட்டர் கொட்டிய ஷவர் இந்த வீட்டில் 5 லிட்டர்தான் தரும். அந்த ஐந்து லிட்டரும் எட்டு அங்குலத் தகட்டின் நூற்றுக்கு மேற்பட்ட துளைகளுக்குப் பங்கிடப்படும்போது, ஒவ்வொன்றிலிருந்தும் சொட்டுச் சொட்டாக விழும். ஷவர் பழுதென்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்களில் பலருடைய ஷவரில் ஒரு பழுதும் இல்லை. அதே ஐந்து லிட்டர், மூன்று அங்குல அகலமுள்ள சாதாரண ஷவரில் வந்தால் நிறைவாகக் குளித்துவிடலாம். அழுத்தம் குறைந்த வீட்டில் பெரிய தகடு வாங்குவது பணம் கொடுத்து ஏமாற்றத்தை வாங்குவதுதான்.

குறைவாகக் கிடைக்கும் அழுத்தத்தையும் வழியிலேயே தொலைத்துவிடுகிறோம். முக்கால் அங்குலக் குழாயின் வாய்ப் பரப்பு அரை அங்குலக் குழாயைப் போல இரண்டே கால் மடங்கு. தொட்டியிலிருந்து இறங்கும் தாய்க்குழாய் ஒரு அங்குலமோ ஒன்றே கால் அங்குலமோ இருந்து, குளியலறை வரை முக்கால் அங்குலமாக வந்து, மிக்சரை நெருங்கும் கடைசி முழத்தில் மட்டும் அரை அங்குலமாகக் குறைந்தால் உராய்வில் இழப்பது சொற்பம். சிக்கனம் என்று மாடியிலிருந்தே அரை அங்குலம் போட்டு, வழியில் ஏழெட்டு எல்போ வைத்து வளைத்தால், கணக்கில் வரும் 0.2 பார் ஷவரை அடையும்போது இன்னும் மெலிந்திருக்கும். தொட்டியை விட்டுக் கிளம்பிய குழாய் கைப்பிடிச் சுவரையோ வேறெதையோ தாண்டுவதற்காக மேலே ஏறி இறங்கினால், அந்த மேட்டில் காற்று சிக்கித் தண்ணீரைத் தடுக்கும். ஏர் லாக் என்று பிளம்பர்கள் சொல்லும் இந்தத் தொல்லை பாதி வீடுகளில் குழாய் ஓடும் பாதையால் வருவது. ஏறாமல் இறங்கும் பாதையும், தொட்டியை அடுத்து மேல்நோக்கித் திறந்த ஒரு காற்றுக்குழாயும் இருந்தால் அந்தப் பேச்சே எழாது. வீடு கட்டும்போது தொட்டி மேடையை இன்னும் ஐந்தடி உயர்த்துவதற்கு ஆகும் செலவு ஒரு நல்ல ஷவரின் விலையை ஒட்டித்தான் வரும். அந்த உயரம் வீட்டின் எல்லாக் குழாய்களுக்கும் கடைசி வரை உழைக்கும்.

இதற்கு உடனே ஒரு மறுப்பு வரும்: இதெல்லாம் எதற்கு, பிரஷர் பம்ப் ஒன்று வைத்தால் தீர்ந்தது அல்லவா? நியாயமான கேள்விதான். தொட்டி வைக்க உயரமே இல்லாத வீட்டில், முக்கியமாக மேல்தளத்துக் குளியலறைக்கு, பம்ப் தவிர வேறு வழி கிடையாது. ஒன்றிலிருந்து இரண்டு பார் வரை எளிதாக ஏற்றித் தரும். ஆனால் பம்ப் வைப்பவர் மூன்று விஷயங்களை முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். கரண்ட் போனால் தண்ணீர் வர, பம்பைத் தாண்டிச் செல்லும் மாற்றுக்குழாய் ஒன்று வேண்டும். பழைய குழாய்களில் பம்பைப் பொருத்தினால், கால் பாருக்கும் குறைவாகவே சுமந்து பழகிய பழைய இணைப்புகள் திடீரென்று ஆறேழு மடங்கு அழுத்தத்தைத் தாங்க வேண்டியிருக்கும். அதுவரை அடங்கிக் கிடந்த கசிவுகள் அப்போதுதான் வெளிவரும். மூன்றாவதுதான் தமிழ்நாட்டு வீடுகளில் அதிகம் தவறும் இடம். மாடியில் சோலார் வாட்டர் ஹீட்டர் இருக்கும். வெந்நீர் தன் எடையால் மட்டும் இறங்கும். தண்ணீர்க் குழாயில் மட்டும் பம்பை வைத்துவிடுவார்கள். மிக்சரைத் திறந்ததும் பலமான தண்ணீர் வெந்நீர்க் குழாய்க்குள்ளேயே புகுந்து, வெந்நீரை மேலே தள்ளிவிடும். குளிப்பவருக்குப் பச்சைத் தண்ணீர். மாடியில் சோலாரின் காற்றுக்குழாய் வழியே வெந்நீர் வழிந்தோடும். மிக்சர் ஒழுங்காகக் கலக்க வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே அழுத்தம் இருக்க வேண்டும். இதையும் சுவரில் காடி வெட்டுவதற்கு முன்பே காகிதத்தில் வரைந்து முடிவு செய்தாக வேண்டும்.

கீசர் பற்றியும் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இங்கே தவறினால் போவது உயிர். 25 லிட்டர் தண்ணீர் 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடானால் ஏறக்குறைய 300 மில்லி பெருகும். அந்தப் பெருக்கத்துக்கு வெளியேற வழி தேவை. கீசரோடு வரும் பாதுகாப்பு வால்வு சூடாகும் நேரத்தில் சிறிது சொட்டுவது அதன் வேலை. அது சொட்டுகிறதே என்று அடைத்துவிடுபவர்கள் தொட்டியை வெடிகுண்டாக்குகிறார்கள். 2,000 வாட் கீசர் ஒன்பது ஆம்பியருக்கு நெருக்கமாக இழுக்கும். 16 ஆம்பியர் பிளக், தரமான எர்த், 30 மில்லி ஆம்பியரில் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. ஆகிய மூன்றும் இல்லாத குளியலறையில் கீசர் இருக்கவே கூடாது. 60 டிகிரி வெந்நீர் தோலில் ஐந்தாறு விநாடி பட்டாலே ஆழமான புண்ணாகும். வீட்டில் குழந்தைகளும் முதியவர்களும் இருந்தால் கீசரின் வெப்ப அளவைக் குறைத்து வையுங்கள். காற்றோட்டம் இல்லாத குளியலறைக்குள் கேஸ் கீசரைப் பொருத்துவது எக்காரணம் கொண்டும் வேண்டாம். அதில் உருவாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை; குளிக்கப் போனவர் மயங்கி விழுந்தது கதவை உடைத்த பிறகே தெரியவருகிறது.

சரி, சுவருக்குள் வருவோம். ஒரு தலைமுறைக்கு முன் ஜி.ஐ. குழாய்தான் எங்கும். உட்புறம் துருவேறி, அரை அங்குலக் குழாய் பென்சில் நுழையாத அளவுக்கு அடைபடும். இன்று வெந்நீருக்கும் தண்ணீருக்கும் சேர்த்து சி.பி.வி.சி. வந்துவிட்டது, இந்தியத் தர எண் ஐ.எஸ். 15778 குழாயின் மேலேயே அச்சிட்டிருக்கும். இது துருப்பிடிக்காது, வெந்நீரைத் தாங்கும். ஆனால் சி.பி.வி.சி. குழாய் ஒழுகியதென்றால் அநேகமாகக் குழாயில் குறை இராது. ஒட்டிய இடத்தில் இருக்கும். நாம் பசை என்று நினைக்கும் சால்வென்ட் சிமெண்ட் உண்மையில் இரண்டு பரப்புகளையும் கரைத்து ஒன்றாக்குகிறது. வெட்டிய முனையின் பிசிறை நீக்கி, ஈரமும் மண்ணும் இல்லாமல் துடைத்து, சி.பி.வி.சி.க்கென்றே உள்ள சிமெண்டைக் குழாயிலும் பொருத்தியிலும் தடவி, செருகும்போது கால் சுற்று திருப்பி, அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும். வாங்கிவைத்த பி.வி.சி. சிமெண்ட் மீதி இருக்கிறதே என்று வெந்நீர்க் குழாயில் தடவினால், சில மாதச் சூட்டில் இணைப்பு விட்டுக்கொடுக்கும். ஒட்டியதும் தண்ணீர் விட்டுப் பார்க்கும் அவசரமும் கூடாது. டப்பாவில் போட்டிருக்கும் நேரம் உலர வேண்டும். ஷவரும் மிக்சரும் வந்து சேரும் முனைகளில் பித்தளை மரை வைத்த பொருத்திகளையே போடுங்கள். முழுக்கப் பிளாஸ்டிக் மரையில் உலோகக் குழாயை முறுக்கினால் இன்று பிடித்ததுபோல் இருந்து, நாளை விரியும். ஒரு பொருத்திக்குச் சில பத்து ரூபாய்தான் வித்தியாசம்.

ஷவரையும் அடிக் குழாயையும் மாற்றிவிடும் டைவர்ட்டர் சுவருக்குள் புதையும் வகையாக இருந்தால் இன்னொரு கணக்கு உண்டு. அதன் மேல்மூடியில் டைல்ஸின் முகம் எந்த அளவிலிருந்து எந்த அளவுக்குள் வர வேண்டும் என்று கோடு போட்டுத்தான் கொடுக்கிறார்கள். பிளம்பர் அதை வைக்கும் நாளில் சுவர் வெறும் செங்கல். அதன் மேல் கொத்தனாரின் பூச்சு ஏறும். பிறகு டைல்ஸ் ஒட்டுபவரின் கலவை. கடைசியில் டைல்ஸின் கனம். எல்லாம் சேர்த்து ஒன்றரை அங்குலம் வரை போகலாம். பிளம்பர் குத்துமதிப்பாக வைத்தால், கடைசியில் கைப்பிடி மாட்டும்போது டைவர்ட்டர் ஆழத்தில் கிடக்கும், அல்லது மூடித் தகடு சுவரில் படியாமல் துருத்தி நிற்கும். சுவருக்கு வெளியே மாட்டும் வால் மிக்சருக்கு வெந்நீர் முனையும் தண்ணீர் முனையும் நடுப்புள்ளிக்கு நடுப்புள்ளி 150 மில்லி மீட்டர் இருந்து, இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். எதிரே நின்று பார்ப்பவருக்கு இடப்பக்கம் வெந்நீர். இதில் எதுவும் கடினமான வித்தை இல்லை. சிக்கல், கொத்தனாரும் பிளம்பரும் டைல்ஸ் ஒட்டுபவரும் வெவ்வேறு நாளில் வந்து போவதில் இருக்கிறது. ஒருவர் செய்ததை அடுத்தவர் மூடுகிறார். மூவரையும் இணைத்துப் பார்க்கும் ஒரே ஆள் வீட்டுக்காரர். பூச்சுக்கு முன்பே மூவரையும் ஒரு காலையில் ஒன்றாக நிறுத்தி, எந்த மட்டத்தில் டைல்ஸின் முகம் வரும் என்று சுவரில் நூல் பிடித்துக் குறித்துவிட்டால் இந்தத் தகராறு வராது.

எல்லாவற்றிலும் முக்கியமானதும், நம் ஊரில் அதிகம் தட்டிக்கழிக்கப்படுவதும் பிரஷர் டெஸ்ட். சுவரில் குழாய் பதிந்து, காடியைக் கலவையால் மூடுவதற்கு முன், எல்லா முனைகளையும் டம்மி போட்டு அடைத்து, காற்றை வெளியேற்றித் தண்ணீரால் நிரப்பி, கைப் பம்பால் அழுத்தத்தை ஏற்றி, வால்வைப் பூட்டி, அளவுமானியின் முள் நிற்கும் இடத்தைக் குறித்துக்கொள்வது. வீட்டில் வரப்போகும் அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்காவது ஏற்ற வேண்டும். பத்து கிலோ, அதாவது ஏறக்குறைய பத்து பார், வரை ஏற்றிப் பார்க்கும் பிளம்பர்களும் உண்டு. குழாய் நிறுவனம் விதித்த எல்லையைத் தாண்டாமல் இருந்தால் போதும். ஓர் இரவு விட்டு, காலையில் முள் இறங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கியிருந்தால் ஒவ்வொரு இணைப்பாகத் தடவிப் பார்த்தால் ஈரம் காட்டிக்கொடுக்கும். அந்த ஒரு பொருத்தியை வெட்டி மாற்றுவது பத்து நிமிட வேலை. கீசரையும் மிக்சரையும் மாட்டாமல்தான் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டும். தண்ணீருக்குப் பதில் கம்ப்ரசர் காற்றை ஏற்றுவது ஆபத்து. பிளாஸ்டிக் குழாய் உடைந்தால் துண்டுகள் பாயும்.

இதைத் தவிர்க்கச் சொல்லப்படும் காரணங்களைக் கேட்டுப் பார்ப்போம். 'இருபது வருஷமா வேலை பார்க்கிறேன், என் ஜாயிண்ட் ஒழுகாது' என்பார் பிளம்பர். அவர் திறமையில் ஐயமே வேண்டாம். ஒரு குளியலறையில் முப்பது நாற்பது இணைப்புகள் இருக்கின்றன. சில கருக்கலில் ஒட்டப்பட்டவை, சில உதவியாள் கையால் ஆனவை, சிலவற்றில் பிறகு வந்த எலக்ட்ரீஷியனின் துளைக்கருவி உரசியிருக்கலாம். சோதனை அவரையும் காப்பாற்றுகிறது: டைல்ஸ் ஒட்டும் நாள் வரை முள் இறங்கவில்லை என்றால், அதற்குப் பின் வந்த கசிவுக்கு அவர் பொறுப்பல்ல. ஒரு நாள் கூலி வீணாகிறதே என்பது அடுத்த காரணம். விநாடிக்கு ஒரு சொட்டுச் சொட்டும் கசிவைக் கணக்கிடுங்கள். இருபது சொட்டுக்கு ஒரு மில்லி என்று வைத்தால் நாளைக்கு நான்கு லிட்டருக்கு மேல். வருடத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு லிட்டர். அவ்வளவும் சுவருக்குள்ளும் தளத்துக்குள்ளும் போகிறது. முதலில் பக்கத்து அறையில் பெயிண்ட் பொருமும். பிறகு பூச்சு உதிரும். தளத்துக்கு எட்டினால் கம்பி துருப்பிடித்து உப்பிக் காங்கிரீட்டைப் பிளக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பென்றால் கீழ்வீட்டுக்காரரோடு உறவும் கெடும். அப்போது உடைக்கும் டைல்ஸுக்கு அதே நிறம், அதே அச்சு கடையில் கிடைப்பது அரிது. ஒரு பொருத்திக்காகச் சுவர் முழுவதையும் மாற்ற வேண்டிவரும். தொட்டித் தண்ணீர்தானே, அரை பார்தானே, எதற்குப் பத்து கிலோ என்று கேட்பவர்களும் உண்டு. மெல்லிய கசிவு குறைந்த அழுத்தத்தில் ஒரே இரவில் தலைகாட்டாது; மாதக்கணக்கில் வேலை செய்து ஓதமாகத்தான் தெரியும். அதை ஓர் இரவில் வெளியே வரவழைக்கத்தான் அழுத்தத்தை ஏற்றுகிறோம். நாளைக்கே பிரஷர் பம்ப் வாங்க மாட்டீர்கள் என்பதற்கும் உறுதியில்லை.

தரையிலும் இதே நியாயம்தான். ஷவரில் குளிக்கும்போது தண்ணீர் தொடர்ந்து பரவி விழுவதால், வாளிக் குளியலுக்குப் போதுமாக இருந்த வாட்டம் போதாமல் போகலாம். எண்பது அங்குலத்துக்கு ஓரங்குலமாவது சரிய வேண்டும்; அந்தச் சரிவு வடிகால் வாயை நோக்கியே இருக்க வேண்டும், கதவை நோக்கி இருக்கக் கூடாது. தாழ்தளம் விட்ட குளியலறையில் நிரப்புவதற்கு முன் நீர்த்தடுப்புப் பூச்சுப் பூசி, வடிகாலை அடைத்து, தரையில் தண்ணீர் கட்டி இரண்டு நாள் விட்டுக் கீழ்த்தளத்தின் உட்கூரையைப் பாருங்கள். வடிகாலின் பொறியில் 50 மில்லி மீட்டர் தண்ணீர் எப்போதும் நின்றால்தான் சாக்கடை வாடையும் கரப்பான் பூச்சியும் மேலே வராது. அதிகம் புழங்காத விருந்தினர் குளியலறையில் அந்தத் தண்ணீர் வற்றிவிடும். வாரம் ஒரு குவளை ஊற்றினால் போதும்.

குழாய்களைப் புதைக்காமல் வெளியிலேயே ஓடவிட்டால் இவ்வளவு கவலை இல்லையே என்று கேட்கலாம். அழகு கெடும் என்பதைத் தவிர அதற்கு வலுவான எதிர்வாதம் கிடையாது. குழாய்கள் புதையட்டும், ஆனால் தேயக்கூடிய, மாற்றக்கூடிய பாகங்கள் வெளியே இருக்கட்டும் என்பதே என் கட்சி. உப்புத் தண்ணீர் வரும் ஊர்களில் இது இன்னும் பொருந்தும். குடிநீருக்கான இந்தியத் தரம் ஐ.எஸ். 10500 கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லி கிராம் என்ற வரம்பை வைத்து, வேறு வழியில்லாத இடத்தில் 600 வரை விட்டுக்கொடுக்கிறது. நம் போர் தண்ணீர் பல இடங்களில் அந்தக் கடைசி எல்லையை ஒட்டி நிற்கிறது. சூடாகும்போது சுண்ணாம்பு பிரிந்து கீசரின் காயிலிலும் மிக்சரின் கார்ட்ரிட்ஜிலும் ஷவரின் துளைகளிலும் படியும். வெளியே உள்ள வால் மிக்சரைக் கழற்றிச் சுத்தம் செய்யலாம். ரப்பர் துளை உள்ள ஷவரை விரலால் தேய்த்தே உப்பை உதிர்க்கலாம், கெட்டித்துப்போனால் வினிகரில் ஊறவைக்கலாம். புதைந்த டைவர்ட்டர்தான் வேண்டும் என்றால், அதன் கார்ட்ரிட்ஜ் உங்கள் ஊர்க் கடையிலேயே தனியாகக் கிடைக்கிறதா என்று விசாரித்துவிட்டு வாங்குங்கள். அயல்நாட்டு மாதிரியை வாங்கி ஐந்து வருடம் கழித்து உதிரிபாகம் கிடைக்காமல் சுவரை உடைப்பது வருத்தமான செலவு. குளியலறைக்கு வெளியே, கை எட்டும் இடத்தில் வெந்நீருக்கும் தண்ணீருக்கும் தனித்தனி அடைப்பு வால்வு இருந்தால், எந்தப் பழுதுக்கும் வீடு முழுக்கத் தண்ணீரை நிறுத்த வேண்டியதில்லை.

ஷவரே வீண் செலவு, வாளிதான் நமக்கு ஏற்றது என்று சொல்பவர்களின் கவலை மதிக்கத்தக்கது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு சென்னை தவித்ததை யாரும் மறந்திருக்க முடியாது. பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களில் ஒருவருக்கு நாளைக்கு 135 லிட்டர் என்பதுதான் நாட்டின் குடிநீர்த் திட்டங்களுக்கான அளவுகோல். நிமிடத்துக்கு 20 லிட்டர் கொட்டும் ஷவரில் ஏழு நிமிடம் நின்றால் அந்த நாளின் முழுப் பங்கும் வடிகாலில் போய்விடும். பதினெட்டு லிட்டர் வாளியில் இரண்டு வாளி குளித்தாலும் 36 லிட்டர்தான். ஆனால் நிமிடத்துக்கு ஆறேழு லிட்டர் தரும் கை ஷவரில், சோப்புப் போடும் நேரம் அடைத்துவிட்டு, மொத்தம் நான்கு நிமிடம் திறந்திருந்தால் 28 லிட்டருக்குள் குளியல் முடிகிறது. வாளிக்கும் இது குறைவு. ஆக, பெரிய தகட்டை ஓடவைப்பதற்காக அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவதைவிட, வீட்டின் அழுத்தத்துக்கு ஏற்ற சிறிய ஷவரைத் தேர்ந்தெடுப்பது பணத்துக்கும் நல்லது, நீருக்கும் நல்லது.

பாத்டப் பற்றிக் கேட்பவர்களுக்கு: நிரப்ப 150 முதல் 200 லிட்டர் தேவை. தண்ணீரும் தொட்டியும் ஆளும் சேர்ந்தால் முந்நூறு கிலோ. மாடியில் வைப்பதானால் கட்டடப் பொறியாளரைக் கேட்காமல் வைக்க வேண்டாம். அதன் வடிகுழாயை எட்டிப் பார்க்க ஒரு திறப்புப் பலகை இல்லாமல் சுற்றிலும் டைல்ஸ் கட்டி மூடுவதும் தவறு. ஆடம்பரத்தின் அடையாளமாகிவிட்ட சுழல்நீர்த் தொட்டியின் தொடக்கம் ஒரு நோய்தான். கலிஃபோர்னியாவில் குடியேறிப் பாசன பம்புகள் செய்துவந்த இத்தாலியக் குடும்பத்தைச் சேர்ந்த கேண்டிடோ ஜக்குஸி, மூட்டு வாதத்தால் துன்பப்பட்ட தன் மகனுக்காகக் குளியல் தொட்டியில் இறக்கும் பம்பை உருவாக்கினார். 1956-இல் அது விற்பனைக்கு வந்தது. குளியலறை யாருடைய உடலுக்காக என்ற அந்தக் கேள்வியை நம் வீடுகளிலும் கேட்கலாம். பாத்டப்புக்கு ஆகும் இடத்திலும் பணத்திலும் சிறு பகுதி போதும்: அமர்ந்து குளிக்க ஒரு திண்டு, கைக்கு எட்டும் உயரத்தில் கை ஷவர், வழுக்காத டைல்ஸ், ஆளின் எடையைத் தாங்கும் கைப்பிடி. கைப்பிடி பொருத்தும் இடத்தில் குழாய் ஓடாமல், சுவர் திடமாக இருக்க வேண்டும். இதற்கும் டைல்ஸுக்கு முன்பே இடம் ஒதுக்க வேண்டும்.

பிரஷர் டெஸ்ட் முடிந்து காடியை மூடுவதற்கு முன், நான்கு சுவரையும் தரையையும் பக்கத்தில் அளவு நாடாவைப் பிடித்துப் படமெடுத்து வையுங்கள். எந்தக் குழாய் மூலையிலிருந்து எத்தனை அங்குலத்தில், தரையிலிருந்து எத்தனை அடியில் ஓடுகிறது என்பது அதில் தெரியும். பின்னாளில் கண்ணாடியோ அலமாரியோ மாட்டத் துளையிடுபவர் குழாயைக் குத்தாமல் இருக்க அந்தப் படங்கள்தான் துணை. வேலையை ஒப்படைக்கும்போதே பிளம்பரிடம் சொல்லிவிடுங்கள்: சோதனைக்கான நாளும் கூலியும் தனி, அளவுமானியின் முள்ளை இரவிலும் காலையிலும் நாமே பார்ப்போம். டைல்ஸ் ஒட்டுபவருக்கு அந்தக் காலைக்குப் பிறகுதான் தேதி கொடுங்கள். ஷவர் வாங்க ஷோரூமுக்குப் போவதை அதற்கும் பிறகு வைத்துக்கொள்ளலாம். புதைக்கும் டைவர்ட்டரை மட்டும் முன்பே வாங்கினால் போதும்.